வீட்டுத் தரைக்கு லினோலியம்: கரிசல் பூமியில் போடுவதற்கு முன்



சரக்கு நிலவரமும் வரி விவரமும் வரவேண்டிய நமது இதழில் வீட்டுத் தரையைப் பற்றி என்ன எழுத்து என்று சிலர் நினைக்கக்கூடும். நம்மில் பெரும்பாலோருக்கு முன்னால் கடை, பின்னால் வீடு, பக்கவாட்டில் குடோன் என்பதே அமைப்பு. வீட்டுத் தரையில் ஏறும் ஓதம் குடோன் தரையிலும் ஏறும். ஆகவே இது வியாபாரத்துக்குப் புறம்பான விஷயம் அல்ல. தவிர, இந்தத் தரை விரிப்பு விஷயத்தில் நாங்கள் பணம் கட்டிப் பாடம் படித்திருக்கிறோம். மற்ற உறுப்பினர்கள் அதே பாடத்துக்கு மறுபடியும் பணம் கட்ட வேண்டாமே என்றுதான் எழுதுகிறோம்.

கயத்தாற்றில் எங்கள் கடையின் பின்கட்டில் உள்ளது தகப்பனார் காலத்து வீடு. காவி போட்ட சிமெண்டுத் தரை. ஒரு காலத்தில் முகம் பார்க்கலாம் போல இருந்தது. பிறகு நடுவில் வெடிப்பு விட்டு, அங்கங்கே பொரிந்து போயிற்று. 2018-ல் மகன் கல்யாணம் வைகாசியில் நிச்சயமானதும், தரையை ஏதாவது செய்தாக வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். டைல்ஸ் போடலாம்தான். ஆனால் பழைய தரையைக் கொத்த வேண்டும். கொத்தினால் கிளம்பும் சிமெண்டுத் தூசி நேரே கடைக்குள் வரும். பருப்பு மூட்டையும் வற்றல் மூட்டையும் திறந்து கிடக்கிற இடத்தில் அதை எப்படி அனுமதிப்பது? கொத்தாமல், உடைக்காமல், இரண்டே நாளில் முடிகிற வேலை என்று லினோலியம் விரிப்பைச் சொன்னார்கள். வீட்டில் மூட்டு வலிக்காரர்கள் இருப்பதால், வெறும் சிமெண்டைவிடக் காலுக்கு இதமாக இருக்கும் என்ற ஆசையும் சேர்ந்துகொண்டது.

வெளியூரில் ஒரு பெரிய கடையில் போய்ப் பார்த்தோம். விற்பனைப் பையன் ஒரு சுருளை உருட்டிக் காட்டி, “அண்ணாச்சி, இது ஒரிஜினல் லினோலியம். தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது, இருபது வருஷம் உழைக்கும்” என்றான். வாங்கிவிட்டோம். ஆயுள் முழுக்கச் சரக்கைக் கையில் அள்ளிப் பார்த்துத் தரம் சொல்லும் தொழிலில் இருந்துகொண்டு, அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கியதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

லினோலியம் என்பது என்ன?

நம் மளிகைக் கடையிலேயே இருக்கிற சரக்கிலிருந்துதான் லினோலியம் பிறந்தது என்றால் உறுப்பினர்கள் வியப்படையலாம். அந்தச் சரக்கு ஆளி விதை. முன்பு நாட்டு மருந்துக்கு மட்டும் அரைக்கால் கிலோ, கால் கிலோ என்று போய்க்கொண்டிருந்த இந்த விதையை, இப்போது ‘ஃப்ளாக்ஸ் சீட்’ என்று பெயர் சொல்லிப் படித்த பிள்ளைகள் வாங்கிப் போகிறார்கள். ஆளி எண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் போல அது எப்போதும் எண்ணெயாகவே இருப்பதில்லை. மெல்லியதாகப் பரப்பிக் காற்றுப்பட வைத்தால் காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு இறுகித் தோலாக மாறிவிடும். தச்சர்கள் கதவுக்கு ‘லின்சீட் ஆயில்’ பூசுவது இதனால்தான்.

இங்கிலாந்தில் ஃப்ரெடரிக் வால்டன் என்பவர் இந்தக் குணத்தைப் பயன்படுத்தித்தான் தரை விரிப்புச் செய்தார். இறுகிய ஆளி எண்ணெயுடன் பிசின், தக்கைத் தூள் முதலியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, துணியின் மேல் வைத்து அழுத்தி, சூடான கூடங்களில் வாரக்கணக்கில் தொங்கவிட்டு உலர்த்துவது அவருடைய முறை. 1863-ல் அதற்குக் காப்புரிமை பெற்று, 1864-ல் லண்டனுக்கு அருகே ஸ்டெயின்ஸ் என்ற ஊரில் ஆலை தொடங்கினார். லத்தீன் மொழியில் ‘லினம்’ என்றால் ஆளி, ‘ஓலியம்’ என்றால் எண்ணெய். இரண்டையும் சேர்த்துப் பெயர் வைத்தார். அக்காலத்தில் இங்கிலாந்துக்குப் போன ஆளி விதையில் ஒரு பகுதி பம்பாய், கல்கத்தா துறைமுகங்கள் வழியாகச் சென்றது. அடித்துணிக்கு வேண்டிய சணல் வங்காளத்துச் சணல். நம் நாட்டுச் சரக்கு கப்பலேறிப் போய், விரிப்பாகத் திரும்பி வந்து வெள்ளைக்காரர் பங்களாக்களில் கிடந்தது. பிற்பாடு கல்கத்தாவுக்கு அருகே பிர்லாபூரில் ‘இந்தியா லினோலியம்ஸ்’ கம்பெனி நம் நாட்டிலேயே இதைத் தயாரித்தது.

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி இதில் இருக்கிறது. வால்டன் செய்முறைக்குக் காப்புரிமை வாங்கினாரே தவிர, ‘லினோலியம்’ என்ற பெயரை வணிகக் குறியாகப் பதிவு செய்துவைக்கவில்லை. காப்புரிமைக் காலம் முடிந்ததும் ஸ்காட்லாந்தில் கிர்க்கால்டி ஊரைச் சேர்ந்த நெய்ர்ன் கம்பெனியார் அதே பெயரில் விற்கத் தொடங்கினார்கள். வால்டனின் கம்பெனி வழக்குப் போட்டது. அந்தப் பெயர் ஒரு கம்பெனியைக் குறிக்காமல் பொருளையே குறிக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது என்று 1878-ல் தீர்ப்பாகி, வழக்குத் தோற்றது. எந்தக் கம்பெனி வனஸ்பதியானாலும் ‘டால்டா கொடுங்க’ என்று நம் கடையில் கேட்கிறார்களே, அதே கதைதான்.

பெயர் பொதுவானதில் வால்டனுக்கு வந்த நஷ்டத்தைவிட, இன்றைக்கு வாங்குகிறவருக்கு வருகிற நஷ்டம்தான் பெரிது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் விரிப்பு மலிவாக வந்து லினோலியத்தைக் கடையிலிருந்து தள்ளிவிட்டது. பொருள் போயிற்று, பெயர் மட்டும் நின்றுவிட்டது. நம் பக்கத்துக் கடைவீதிகளில் லினோலியம் என்று உருட்டிக் காட்டுவது அநேகமாக எல்லாம் பி.வி.சி. ஷீட்தான். அசல் லினோலியம் வெளிநாட்டில் கிர்க்கால்டி போன்ற இடங்களில் இன்னும் தயாராகிறது. ஆனால் அது விலையும் வேறு, வரும் வழியும் வேறு.

பி.வி.சி. மட்டமான சரக்கு என்று சொல்ல வரவில்லை. நாம் ஏறிப்போகிற ரயில் பெட்டியின் தரையில் ஒட்டியிருப்பதும் பி.வி.சி. விரிப்புதான். எத்தனை ஆயிரம் கால்கள் மிதித்தாலும் தாங்குகிறது. ஆனால் கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் போடுகிற முறையும் பராமரிக்கிற முறையும் மாறிப்போகும். அசல் லினோலியத்தின் முதுகில் சணல் துணி இருக்கும், முகர்ந்தால் ஆளி எண்ணெய் வாடை வரும். பி.வி.சி.யில் பிளாஸ்டிக் வாடை. வெட்டிய ஓரத்தைப் பார்த்தால், மேலே கண்ணாடி போன்ற மெல்லிய தோல், அதன் கீழ் அச்சடித்த சித்திரம், அதன் கீழ் நுரை அல்லது தடித்த அடுக்கு என்று தெரியும்.

பில்லையும் பார்க்கலாம். பிளாஸ்டிக் தரை விரிப்புக்கு எச்.எஸ்.என். எண் 3918. லினோலியத்துக்கு 5904. துணியின் மேல் பூச்சுக் கொடுத்த வேறு சில விரிப்புகளும் 5904-ல் வரும் என்பதால் அந்த எண்ணை மட்டும் வைத்து அசல் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் 3918 என்று போட்டிருந்தால் அது லினோலியம் அல்ல, சந்தேகமே வேண்டாம். சில்லறை பில்லில் இந்த எண்ணைப் போடாமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கேட்டு எழுதி வாங்கவும். நாங்கள் ஊருக்கு வந்து பில்லைப் பிரித்துப் பார்த்தபோது அதில் இருந்தது 3918. கடை நடத்துகிறவன் பில்லைச் சரக்கு வண்டியில் ஏறிய பிறகு படித்தால் இப்படித்தான். (வீட்டுக்கு வாங்கிய விரிப்பைக் கடைக் கணக்கில் ஏற்றி ஜி.எஸ்.டி. வரவு எடுக்கலாமா என்று ஒருவர் எங்களிடம் கேட்டார். கூடாது.)

கார்த்திகையில் நடந்தது

பங்குனியில் ஆள் வந்து ஒரே நாளில் ஒட்டிக் கொடுத்துப் போனார். வைகாசியில் கல்யாணம். வந்தவர்கள் எல்லாம் தரையைப் பார்த்து மெச்சினார்கள். ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகையில் விரிப்பின் நடுவில் அப்பளம் பொரிந்தது போலக் குமிழ் கிளம்பியது. இரண்டு துண்டுகள் சேரும் இணைப்பில் ஓரம் சுருண்டு அரை விரல் தூக்கியது. ஒரு பூஞ்சை வாடை. ஊதுவத்தி வைத்துச் சமாளித்தோம், அதையும் சொல்லிவிடுகிறோம். எழுபதைத் தாண்டிய எங்கள் பெரியக்காள் பேரனைப் பார்க்க வந்தவர்கள், விடியற்காலையில் எழுந்து நடந்தபோது அந்தச் சுருண்ட ஓரத்தில் கால் தட்டி விழுந்து மணிக்கட்டு ஒடிந்தது. கட்டுப் போட்டு ஒன்றரை மாதம். “தரைக்குப் பட்டுச்சேலை கட்டிவிட்டு என் கையை ஒடிச்சிட்டியே தம்பி” என்று இப்போதும் சொல்வார்கள். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். நமக்குச் சிரிப்பு வருவதில்லை.

விரிப்பை உரித்துப் பார்த்தோம். அடியில் தரை வியர்த்துக் கிடந்தது. பசை கரைந்து புளித்த மாவு போல இருந்தது. வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. சுவர் ஓரத்தில் கருப்பாகப் பூஞ்சணம். ஒட்டியவரைக் கேட்டால் விரிப்பு சரியில்லை என்றார். விற்றவரைக் கேட்டால் ஒட்டியது சரியில்லை என்றார். எங்கள் வீட்டு வேலைக்கு நெடுநாளாக வருகிற கொத்தனார்தான் காரணத்தைச் சொன்னார். இரண்டு பேர் மீதும் பெரிய தப்பு இல்லை, தரையின் ஈரத்தைப் பார்க்காததுதான் தப்பு என்றார்.

கரிசல் மண்ணின் குணம் நமக்குத் தெரியாதது அல்ல. கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மழை பெய்தால் வெடிப்பெல்லாம் மூடி ஊதும். இந்த மண்ணில் மான்ட்மோரிலோனைட் என்ற களிமண் மிகுதியாக இருக்கிறது. அது தகடு தகடாக அமைந்தது. தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் உப்பும், வற்றினால் சுருங்கும். தண்ணீரை லேசில் விடவும் செய்யாது. இதனால்தான் மானாவாரிப் பருத்தியும் உளுந்தும் மழை நின்ற பிறகும் இந்த ஈரத்தில் நின்று விளைகின்றன. பயிருக்கு வரமாக இருப்பது வீட்டுக்குக் கேடாக இருக்கிறது. வீட்டுத் தரைக்கு அடியிலும் அதே மண், அதே ஈரம்.

அந்த ஈரம் சிமெண்டுத் தரையில் உள்ள நுண்ணிய துவாரங்கள் வழியாக மேலே வருகிறது. வெறும் தரையாக இருந்தால் வந்த சுவடு தெரியாமல் காற்றில் போய்விடும். மேலே பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டினால் போக வழியில்லை. அடியிலேயே தங்கி, சிமெண்டிலிருக்கும் காரத்தையும் உப்பையும் கரைத்துக்கொண்டு பசையைத் தின்கிறது. பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆவதில்லை, பசைதான் போகிறது. அசல் லினோலியமாக இருந்திருந்தால் இன்னும் மோசம். அதிலுள்ள ஆளி எண்ணெயைக் காரம் சோப்பாக மாற்றிவிடும், சணல் முதுகும் இற்றுப்போகும். அதே பி.வி.சி. ரயில் பெட்டியில் ஏன் நிற்கிறது என்றால், அங்கே அடியில் மண் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் பருவத்தையும் கவனிக்க வேண்டும். நம் பக்கத்தில் வீட்டு வேலை என்றால் தை முடிந்து மாசி, பங்குனி, சித்திரையில்தான் தொடங்குவோம். அப்போது எந்தக் கரிசல் வீட்டுத் தரையும் எலும்பு போலக் காய்ந்துதான் இருக்கும். ஈரம் பார்த்தாலும் தெரியாது. அதன் உண்மைக் குணம் கார்த்திகையில்தான் தெரியும். கோடையில் சோதித்துக் கோடையில் ஒட்டினால், சரக்கை வெயிலில் உலர்த்திய அன்றைக்கு எடை போட்டு வாங்கியதற்குச் சமம்.

சோதிக்கும் முறை

செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. சீனி மூட்டைக்குள் வரும் பாலித்தீன் உள்பையை ஒன்றரை அடிச் சதுரமாக வெட்டி, தரையைத் துடைத்துக் காயவைத்து, அதன்மேல் பரப்பி நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டவும். கிழிசல் இல்லாத பையாகப் பார்த்து எடுக்கவும். பதினாறு மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் ஒரு பகல் ஒரு இரவு, விட்டுவைத்து எடுத்துப் பார்க்கவும். பையின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றாலோ, அந்த இடத்துத் தரை மட்டும் நிறம் கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். ஓர் அறைக்கு நடுவில் ஒன்று, வெளிச்சுவர் ஓரம் ஒன்று, குளியலறைப் பக்கம் ஒன்று என மூன்று இடங்களில் செய்ய வேண்டும். செய்ய வேண்டிய காலம் ஐப்பசிக் கடைசி முதல் மார்கழிக்குள்.

புதிதாகப் போட்ட சிமெண்டுத் தரையாக இருந்தால், ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்று கணக்கு வைத்துக் காயவிடுவது வழக்கம். நான்கு அங்குலக் கான்கிரீட் என்றால் நான்கு மாதம். அவசரப்பட்டு ஆவதில்லை.

சோதனையில் ஈரம் தெரிந்தால் அந்த அறையில் ஒட்டக் கூடாது. மேல்பூச்சு ஒன்றைத் தடவிவிட்டு ஒட்டலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கரிசலில் தரையே ஏறி இறங்கி வெடிப்பு விடும்போது அந்தப் பூச்சும் சேர்ந்தே வெடிக்கும் என்பதால் எங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. புது வீடு கட்டுகிற உறுப்பினர்களுக்கு இதில் வழி சுலபம். அஸ்திவாரம் தோண்டிய கரிசலையே அடிபீடத்துக்குள் திரும்பக் கொட்டி நிரப்பவிடக் கூடாது. அது உள்ளே இருந்தபடியே ஊதித் தரையை நடுவில் முதுகு தூக்க வைக்கும். ஊதாத செம்மண் சரளையைக் கொட்டித் தண்ணீர் தெளித்துத் திமிசு போட வேண்டும். கரிசலுக்கும் கட்டடத்துக்கும் நடுவே இப்படி ஊதாத மண் படுகை அமைப்பதைப் பற்றிப் பம்பாய் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ஆர்.கே. கட்டி விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அந்தச் சரளைக்கு மேல் கனமான பாலித்தீன் ஷீட்டைக் கிழியாமல் பரப்பி, பிறகு கான்கிரீட் போட்டால் ஈரம் மேலே வராது. கட்டும்போது இதற்கு ஆகும் செலவு சொற்பம். கட்டிய பிறகு எத்தனை செலவழித்தாலும் அடியில் போய்ப் பரப்ப முடியாது.

மாடி அறைகளுக்கு இந்தப் பயம் இல்லை. அடியில் இருப்பது மண் அல்ல, காற்று. கான்கிரீட் நன்றாகக் காய்ந்திருந்து, குளியலறை ஒழுக்கும் இல்லாமல் இருந்தால் தாராளமாக ஒட்டலாம்.

போடும் முறை

அளவெடுப்பதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அறை, நூற்றிருபது சதுர அடி. சுருள் அகலம் ஆறரை அடி என்று வைத்துக்கொள்வோம். பத்தடி நீளத்தில் இரண்டு துண்டு வெட்டினால், ஒவ்வொன்றுக்கும் மூன்று அங்குலம் கூடுதல் சேர்த்து இருபதரை அடி நீளம், அதாவது 133 சதுர அடி. அதையே பன்னிரண்டு அடி நீளத்தில் இரண்டாக வெட்டினால் இருபத்து நாலரை அடி, 159 சதுர அடி. ஒரே அறை, ஒரே விரிப்பு, இருபத்தாறு சதுர அடி வித்தியாசம். விற்கிறவர் இதைச் சொல்லமாட்டார். கட்டம், பூ என்று சித்திரம் இருந்தால் இரண்டு துண்டிலும் அது சேரவேண்டும் என்பதற்காக இன்னும் கொஞ்சம் கழிவு போகும். ஆகவே சிறு புள்ளிச் சித்திரம் சிக்கனம்.

சுருளைக் கொண்டுவந்ததும் ஒட்டக்கூடாது. போடப்போகிற அறையிலேயே பிரித்துப் பரப்பி ஒரு நாள் முழுதும் விட வேண்டும். சுருளிலிருந்த முறுக்கு தளர்ந்து, அறையின் சூட்டுக்குப் பழகும். அசல் லினோலியமாக இருந்தால் பசை பட்டதும் நீளத்தில் சற்றுச் சுருங்கி அகலத்தில் சற்று விரியும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தரையைத் தயார் செய்வதுதான் முக்கால் வேலை. நீளமான மட்டப்பலகையை வைத்துப் பார்த்து மேடு பள்ளத்தைச் சரி செய்ய வேண்டும். பள்ளத்தை நிரப்பச் சுவருக்குப் பூசும் பட்டியை எடுக்கக் கூடாது, அது மிதி தாங்காது. சிமெண்டுக் கலவைதான் வேண்டும். விரிப்புக்கு அடியில் ஒரு துவரம்பருப்பு கிடந்தாலும் நாலு மாதத்தில் அந்த இடம் தேய்ந்து வெளுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். நம் வீடுகளில் உள்ள காவித் தரைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வருஷக்கணக்காகத் தேங்காய் எண்ணெயும் மெழுகும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருப்போம். எண்ணெய் குடித்த தரையில் பசை பிடிக்காது. சோடா உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, நன்கு அலசிக் காயவைத்த பிறகே ஒட்டலாம். எங்கள் வீட்டில் இதையும் செய்யவில்லை.

பசையைப் பல் வைத்த கரணையால் ஒரே சீராக இழுத்து, விரிப்பை நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தள்ளிக் காற்றை வெளியேற்ற வேண்டும். ரப்பர் பசையாக இருந்தால் அதன் ஆவி சீக்கிரம் தீப்பிடிக்கக்கூடியது. அன்றைக்கு அடுப்பும் விளக்கும் அந்தப் பக்கமே கூடாது, சன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும். இணைப்பு வரும் இடத்தில் ஒரு துண்டின்மேல் மறு துண்டு ஓரிரு அங்குலம் ஏறும்படி வைத்து, இரும்பு அடிக்கோலை அழுத்திப் பிடித்து, இரண்டையும் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டினால் இடைவெளி இல்லாமல் பொருந்தும். பிறகு கனமான உருளையால் உருட்ட வேண்டும். உருளை இல்லாதவர்கள் இணைப்பின்மேல் பலகை வைத்து இரண்டு மணல் மூட்டையை ஓர் இரவு ஏற்றி வைக்கலாம். நம்மிடம் மூட்டைக்கா பஞ்சம்? இந்த வேலைகளுக்கெல்லாம் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதிமுறைகள் இருக்கின்றன. லினோலியம் போடுவதற்கு ஐ.எஸ். 1198, பி.வி.சி. போடுவதற்கு ஐ.எஸ். 5318. பெரிய அளவில் போடுகிறவர்கள் ஒட்டுகிற ஆளிடம் இந்த எண்ணைச் சொல்லி ஒப்பந்தம் எழுதிக்கொள்வது நல்லது.

போட்ட பிறகு, தேங்கின தண்ணீர் ஓரம் வழியாக உள்ளே போகாமல் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். வாசலில் ரப்பர் மிதியடி போட்டால் அந்த இடம் மஞ்சளாகக் கறைபட்டுவிடும், தேய்த்தாலும் போகாது. தேங்காய் நார் மிதியடி போடலாம். மஞ்சள் தூள் சிந்தினால் உடனே துடைக்கவும். பூஜை இடத்திலும் அடுப்படியிலும் பி.வி.சி. வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கற்பூரமோ சூடான கரண்டியோ விழுந்தால் உருகிப்போகும். எரிந்தால் வரும் புகையும் பொல்லாதது. கடை முன்பக்கத்திலும் குடோனிலும் போடவே கூடாது. மூட்டை இழுத்தால் ஒரே நாளில் கிழியும்.

எங்கள் பின்கட்டு அறையை 2019 மாசி வரை வெறும் தரையாகவே காயவிட்டோம். உரித்த விரிப்பில் நல்ல துண்டுகளை மாடி அறைக்கு ஒட்டினோம். அது இன்றுவரை அசையவில்லை. கீழ் அறைக்கு முதுகில் நுரை வைத்த, சற்றுக் கனமான விரிப்பாக வாங்கி, இணைப்பே வராதபடி நடக்கிற பகுதிக்கு மட்டும் ஒரே துண்டாக, பசை இல்லாமல் சும்மா பரப்பினோம். ஓரங்களில் மட்டும் இருபக்க டேப். ஐப்பசி பிறந்ததும் சுருட்டி எடுத்துவிடுவோம், தை கழிந்து மறுபடி விரிப்போம். சுருட்டும்போது சித்திரம் வெளிப்பக்கம் இருக்க வேண்டும், மடிக்கக் கூடாது. பழைய காலத்தில் ஜமுக்காளத்தை எடுத்து வைப்பது போலத்தான். வீட்டில் இதற்கு ஆரம்பத்தில் முணுமுணுப்பு இருந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டமே வெள்ளக்காடானபோது எங்கள் பின்கட்டிலும் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தது. விரிப்பு அப்போது மாடியில் சுருட்டிக் கிடந்ததால் தப்பியது. தரையை ஒட்டி விரிப்புப் போட்டிருந்த வீடுகளில், தண்ணீர் வடிந்த பிறகும் அடியில் சேறும் ஈரமும் சிக்கிக்கொள்ளும். மேலே துடைத்துவிட்டு விட்டுவிடக் கூடாது. முழுதும் உரித்து எடுத்துத் தரையைக் காயவிடத்தான் வேண்டும்.

அந்த மழை ஓய்ந்ததும் மார்கழியில் குடோனிலும் பாலித்தீன் ஒட்டிப் பார்த்தோம். ஐந்து இடங்களில் வைத்ததில் மேற்குச் சுவர் மூலையில் மட்டும் தண்ணீர் முத்துக் கோத்தது. வருஷா வருஷம் அடி மூட்டை உளுந்து பூசணம் பிடித்து நாங்கள் கழிவு எழுதிக்கொண்டிருந்தது அந்த மூலையில்தான். சரக்கு வரும்போதே ஈரமாக வந்தது என்று அனுப்பியவர்களிடம் சண்டை போட்டிருக்கிறோம். இப்போது அங்கே எண்ணெய் டின்களை மட்டும் அடுக்குகிறோம். மற்ற இடங்களில் மூட்டைகளுக்கு அடியில் நான்கு அங்குலக் கட்டை.